மெர்ட்சன் பீரை அதன் முழு ருசியோடு குடிப்பது எப்படி

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து மெர்ட்சன் பீரை முதல் முறை குடிக்கிற பலரும் "கொஞ்சம் இனிப்பா இருக்கே" என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் மெர்ட்சன் இனிக்காது. அதன் மணம்தான் இனிப்பை நினைவூட்டும்: அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மேல்தோல், டோஸ்ட், லேசாக வறுத்த மாவு. ஒரு மடக்கு வாயில் வைத்ததும் அந்த மணம் நாக்கு முழுக்கப் பரவும். விழுங்கிய பிறகு வாயில் பிசுபிசுப்பு எதுவும் தங்காமல் உலர்ந்து முடியும். மூக்குக்கு இனிப்புபோல் தோன்றியது தொண்டைக்குப் போகும்போது காணாமல் போவதுதான் இந்த பீரின் அழகு. அது பிடிபட்டுவிட்டால் அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகும்.

பிடிபடாமல் போனால், அநேகமாக மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: பாட்டில் பழையது, பீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது, அல்லது கிளாஸில் எண்ணெய்ப்பசை. மூன்றையும் நாமே சரிசெய்யலாம்.

வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள்

மெர்ட்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் மார்ச் மாதம். 1553-இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை வந்தது. கோடைச் சூட்டில் காய்ச்சிய பீர் கிருமி புகுந்து கெட்டுப்போனதால் வந்த தடை அது. ஆகவே மார்ச்சில் கொஞ்சம் வலுவாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் அடுக்கி, கோடை முழுக்க எடுத்துக் குடித்தார்கள். பழைய மார்ச் பீர் கரும்பழுப்பு. இன்று நாம் பேசும் செம்பு நிறம் 1841-இல் வந்தது. அந்த ஆண்டு மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையில் கேப்ரியல் ஸெடில்மயரும், வியன்னாவை ஒட்டிய ஷ்வெஷாட்டில் ஆன்டன் ட்ரேஹரும் புதுவகை மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) செய்த லாகரை, அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டு முதிரவைக்கும் பீரை, வெளியிட்டார்கள். நண்பர்களான இருவரும் 1833-இல் பிரிட்டனுக்குப் போய் அங்குள்ள ஆலைகளைப் பார்த்தவர்கள். முளைகட்டிய பார்லியைப் புகை படாமல் சூடான காற்றில் உலர்த்தும் முறை இந்த மாற்றத்துக்கு வழிவிட்டது. 1872-இல், மியூனிக்கின் பெரிய திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டில், ஸெடில்மயர் குடும்பத்தின் இன்னொரு ஆலையிலிருந்து வந்த இந்தச் செம்பு நிற பீர் ஷாட்டன்ஹாமல் கொட்டகையில் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து மெர்ட்சன் என்றாலே அக்டோபர்ஃபெஸ்ட் என்று ஆயிற்று.

இன்று அந்தத் தொடர்பு பெயரில்தான் மிச்சம். மியூனிக் திருவிழாத் திடலில் இப்போது ஊற்றுவது பொன்னிற பீர். உடல் மெலிந்தது, நிறைய குடிக்கத் தோதானது, நல்ல பீர்தான். ஆனால் மெர்ட்சனின் ரொட்டி மணம் அதில் பாதிகூட இருக்காது. ஆகவே ஜெர்மனியில் செப்டம்பரில் 'அக்டோபர்ஃபெஸ்ட்பியர்' என்று எழுதிய பாட்டிலை எடுத்தால் பெரும்பாலும் பொன்னிறம்தான் கிடைக்கும். அமெரிக்காவுக்கு அனுப்பும் பாட்டில்களில் பவுலானர், ஹாக்கர்-ப்ஷோர் போன்ற ஆலைகள் பழைய செம்பு நிற மெர்ட்சனையே அடைக்கின்றன. மியூனிக்குக்கு வெளியே ஆயிங் ஊரின் ஆயிங்கர் ஆலையும் செம்பு நிறத்தில் ஒரு மெர்ட்சன் செய்கிறது. இவை மூன்றும் 5.8 சதவீதம்.

இன்னொரு பொறி ஆஸ்திரியாவில். அங்கே கடையில் 'மெர்ட்சன்' என்று எழுதியிருப்பது 5 சதவீதத்தை ஒட்டிய வெளிர்நிற அன்றாட லாகர். வியன்னாவில் மெர்ட்சன் கேட்டு வெளிர்மஞ்சளாக ஒன்று வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த ஊரில் அந்தப் பெயருக்கு அதுதான் பொருள்.

பாட்டிலில் பார்க்க வேண்டியவை: 'மெர்ட்சன்' என்ற சொல், 5.6 முதல் 6.3 சதவீதத்துக்குள் சாராய அளவு, 'பெர்ன்ஷ்டைன்' என்ற சொல் இருந்தால் இன்னும் நல்லது. அம்பர் நிறம் என்று பொருள். கடைசியாகத் தேதி. 'மின்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்பதை அடுத்து வருவது குறைந்தபட்சம் எதுவரை தாங்கும் என்ற தேதி. அதற்கு இன்னும் நாலைந்து மாதமாவது இருக்க வேண்டும். கடை ஜன்னலோரத்தில் வெயில் படும்படி வைத்திருந்தால், தேதி எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலே பாதுகாப்பு.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது

மெர்ட்சனின் உயிர் மியூனிக் மால்ட். சாதாரண வெளிர் மால்ட்டை 80-85 டிகிரி செல்சியஸில் உலர்த்தி முடிப்பார்கள். மியூனிக் மால்ட்டை 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் முடிப்பார்கள். அந்தச் சூட்டில் தானியத்தின் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறும். ரொட்டியின் தோல் சிவப்பதும் வெங்காயம் வதங்கிப் பொன்னாவதும் இதே மாற்றத்தால்தான். முளைகட்டி உலர்த்திய கேழ்வரகை வறுக்கும்போது வீடு முழுக்க ஒரு மணம் எழுமே, மெர்ட்சனின் மணம் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

பழைய முறையில் இன்னொரு படியும் உண்டு, டிகாக்‌ஷன். மால்ட்டும் வெந்நீரும் கலந்த கூழில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து, திரும்ப அதே கூழில் ஊற்றுவார்கள். மொத்தக் கூழின் சூடும் ஏறும், கொதித்த பங்கில் மணமும் கூடும். பிறகு லாகர் ஈஸ்ட் 8 முதல் 12 டிகிரியில் மெதுவாக நொதிக்கும். அதன்பின் உறைநிலையை ஒட்டிய குளிரில் ஆறு வாரத்துக்குக் குறையாமல் ஓய்வு. இந்த ஓய்வில்தான் கரடுமுரடான மணங்கள் அடங்கும்.

எண்களாகச் சொன்னால்: தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், நொதிக்கும் முன் அடர்த்தி 1.054 முதல் 1.060, முடிவில் 1.010 முதல் 1.014. அதாவது சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. கசப்பு 18 முதல் 24 அலகுதான். கசப்பைத் தரும் பூவான ஹாப்ஸில் ஹாலர்டாவ், டெட்னாங் போன்ற ஜெர்மன் வகைகள் பின்னணியில் நின்று பாரம் தாங்கும், முன்னால் வராது.

சர்க்கரை போய் மணம் மட்டும் மிஞ்சுகிறது என்பதை வீட்டிலேயே, சாராயம் இல்லாமலே, புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பீர் காய்ச்சும் பொருட்கள் விற்கும் கடையில் வெளிர் மால்ட் 50 கிராம், மியூனிக் மால்ட் 50 கிராம் வாங்குங்கள். மிக்ஸியின் ஈரமில்லாத ஜாரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாவாக அரைத்து, இரண்டு பிளாஸ்க்குகளில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் 65 டிகிரி வெந்நீர் 400 மி.லி. ஊற்றி, நன்றாகக் குலுக்கி 15 நிமிடம் மூடிவைத்து, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். கொதிநீர் ஊற்றினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும், கஞ்சி மாதிரி இருக்கும். அதனால் வெப்பமானி அவசியம். இரண்டு சாறும் இனிக்கும். ஆனால் முகர்ந்து பாருங்கள்: ஒன்றில் பச்சை மாவு, வைக்கோல், மற்றதில் ரொட்டித் தோல். இந்த இரண்டாவது மணத்தை மனதில் பதிய வைத்துக்கொண்டால், எந்தக் கிளாஸிலும் மெர்ட்சனை அடையாளம் காணலாம்.

குளிர்

பாட்டிலை நிமிர்த்தி, இருட்டில், 4 முதல் 8 டிகிரியில் வையுங்கள். குடிக்கும்போது 8 முதல் 10 டிகிரி இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் வரும் அரை லிட்டர் பாட்டில், 22 டிகிரி அறையில் 8 டிகிரிக்கு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். 30 டிகிரி வெக்கையில் 10, 15 நிமிடம் போதும்.

இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 3, 4 டிகிரியில் மால்ட்டின் மணம் திரவத்திலிருந்து மேலே எழும்பாது. நாக்கும் மரத்துப்போகும். மிஞ்சுவது கசப்பும் குமிழி விடும் காற்றும்தான். ஃப்ரீசரில் வைத்து வெள்ளை பூத்த கிளாஸும் வேண்டாம்: உள்ளே படிந்த பனித்துகள் பீரைத் தேவையில்லாமல் நுரைக்கவைத்து, உருகித் தண்ணீராகவும் கலக்கும். மறுபக்கம், 14 டிகிரிக்கு மேல் போனால் சாராய நெடி தலைதூக்கும், உடல் கனத்துத் திகட்டும்.

கிளாஸ்

நம் வீடுகளில் பீரின் நுரையைக் கொல்வது பெரும்பாலும் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்த அதே பஞ்சால் கிளாஸைக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் உள்சுவரில் ஒட்டும். நுரையின் குமிழிகளைத் தாங்குவது மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்த மெல்லிய தோல். எண்ணெய் பட்டால் அந்தத் தோல் கிழிந்துவிடும். இரண்டு விரல் உயரம் நின்றிருக்க வேண்டிய நுரை ஒரு நிமிடத்தில் அடங்கிப்போகும்.

பீர் கிளாஸுக்கென்று தனிப் பஞ்சு வையுங்கள். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, பிறகு சோப்பு சுத்தமாகப் போகும்வரை அலசல். துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்துக் காயவிடுங்கள். சோதிக்க எளிய வழி: ஈரமாக்கிய கிளாஸின் உட்புறத்தைப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாக நின்றால் பசை இருக்கிறது. பீர் ஊற்றிய பிறகு உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தாலும் அதே குற்றம்தான்.

வடிவம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேலே சற்று அகன்று வாயருகே ஒடுங்கும் அரை லிட்டர் வில்லிபெஷர் கிளாஸ் மணத்துக்கு நல்லது. ஒரு லிட்டர் கைப்பிடிக் குவளையான மாஸ், ஊர்கூடிக் குடிக்க நல்லது. கல்மண் குவளை வெளிச்சத்தை மறைக்கும், குளிரையும் காக்கும். ஆனால் நிறத்தைப் பார்க்க முடியாது.

ஊற்றுதல்

கிளாஸைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, நீரை உதறிவிடுங்கள். ஈரச் சுவரில் பீர் வழுக்கி இறங்கும், கண்ணாடியின் சூடும் தணியும். கிளாஸை 45 பாகைக்குச் சாய்த்து, பாட்டிலின் வாய் கிளாஸைத் தொடாமல், சுவரோரமாக மூன்றில் இரண்டு பங்கு ஊற்றுங்கள். பிறகு கிளாஸை நிமிர்த்தி நடுவில் நேராக ஊற்றினால் நுரை எழும்பும். விளிம்பை எட்டியதும் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, நுரை இறுகிய பின் மிச்சத்தை மெல்ல ஊற்றி முடியுங்கள். நுரை பொங்கிவிடும் என்று பயந்து கடைசிவரை சாய்த்தே ஊற்றுவது தவறு. வெளியேற வேண்டிய காற்று பீரிலேயே தங்கி வயிற்றை உப்பவைக்கும், மணத்தை மேலே கொண்டுவரவும் நுரை இருக்காது.

சரியாக ஊற்றிய மெர்ட்சனின் நிறம், பால் விடாத தேநீரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாற்போல இருக்கும். தெளிவாக, கலங்கல் இல்லாமல். நுரை பழுப்புச் சாயல் ஏறிய வெள்ளை. குடிக்கக் குடிக்க ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு நுரை வளையம் கிளாஸில் ஒட்டிக்கொண்டே வரும்.

முகர்ந்து, குடித்து

நுரை இருக்கும்போதே முதலில் முகருங்கள். இரண்டு குட்டையான மூச்சு போதும். ரொட்டி, டோஸ்ட், லேசான பிஸ்கட். முதல் மடக்கு சிறியதாக வேண்டாம். லாகரைத் துளித்துளியாக உறிஞ்சினால் ருசி பிடிபடாது. வாய் நிறைய ஒரு மடக்கு எடுத்து, ஒரு கணம் வைத்திருந்து விழுங்கி, வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ரொட்டி மணம் இரண்டாம் முறை அப்போதுதான் வரும். பிறகு பத்து நொடி பொறுத்து நாக்கைக் கவனியுங்கள். சர்க்கரைப் பாகு குடித்ததுபோல் ஒட்டினால் அந்த பீரில் ஏதோ சரியில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதைப்போல நல்ல பயிற்சி வேறில்லை. மியூனிக்கின் வெளிர் லாகரான ஹெல்லஸ், மெர்ட்சன், கருமையான டுங்கல், மூன்றையும் 100 மி.லி. வீதம் ஒரே வகை கிளாஸில் இதே வரிசையில் குடியுங்கள். ஹெல்லஸ் வெள்ளை ரொட்டியின் உட்பகுதி, மெர்ட்சன் அதன் தோல், டுங்கல் கறுக்கச் சுட்ட விளிம்பு. வரிசையை மாற்றினால் டுங்கலுக்குப் பின் வரும் ஹெல்லஸ் வெறும் தண்ணீராகத் தெரியும்.

குறைகளை இனங்காண

மெர்ட்சனைப் பற்றிய தவறான எண்ணத்துக்கு முக்கியக் காரணம் பழசான ஏற்றுமதிப் பாட்டில்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. சூட்டிலும் நாள்படவும் ஆக்ஸிஜன் வேலை செய்து, ரொட்டி மணம் மங்கி, தேனும் நனைந்த அட்டைப்பெட்டியும் கலந்த ஒரு மணம் வந்துவிடும். அந்தத் தேன் இனிப்பையே இந்த வகையின் குணம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து இல்லை; புதுப் பாட்டில்தான் வழி.

வெண்ணெய் நெடி வந்தால் டையசெட்டில். நொதிக்கும்போது உண்டாகும் அந்தப் பொருளை ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அவகாசம் கொடுத்தால். அவசரப்பட்டு வடித்த பீரில் அது தங்கிவிடும். குழாயிலிருந்து வரும் பீரில் வெண்ணெயோடு புளிப்பும் சேர்ந்தால் கடையின் குழாய்களைக் கழுவவில்லை என்று பொருள்; வேறு பீரைப் பாட்டிலில் கேளுங்கள். வேகவைத்த மக்காச்சோள மணம், போதுமான நேரம் கொதிக்காத பீரில் வரும். பச்சை ஆப்பிள் வாசனை, முதிராத பீர்.

வெயில் பட்டால் வரும் முடை நாற்றம் தனி ரகம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைப்பதால் வருவது. பாட்டிலில் மட்டுமல்ல, வெயிலில் வைத்த கிளாஸிலும் சில நிமிடத்திலேயே தொடங்கிவிடும். பவேரியாவின் பீர் தோட்டங்களில் ஓங்கி நிற்கும் கஷ்கொட்டை மரங்களைக் கீழே இருந்த நிலவறைகளைக் குளிர்ச்சியாக வைக்கத்தான் நட்டார்கள். இன்று அதே நிழல் நம் கிளாஸையும் காக்கிறது. மரத்தடி மேசையைப் பிடியுங்கள்.

என்ன சாப்பிடலாம்

தோல் மொறுமொறுவென்று சிவந்த கோழி. மியூனிக்கில் ஹெண்டல் என்பார்கள், அரைக்கோழியாக வரும். அந்தத் தோலிலும் மால்ட்டிலும் ஒரே பழுப்பேற்றம் நடந்திருப்பதால் ஒன்றையொன்று தூக்கிப்பிடிக்கும்; பீரின் உலர்ந்த முடிவு கொழுப்பை வழித்துக்கொண்டு போகும். பன்றிக்கால் வறுவலும் அதே கணக்கில் சேரும். காரம் அதிகமான உணவோடு கவனம்: பீரின் காற்றும் சாராயமும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், மால்ட் மணம் எங்கோ மறைந்துவிடும். இனிப்புப் பலகாரத்தோடு குடித்தால் பீர் மெலிந்து கசக்கும்.

வீட்டில் செய்ய எளிது ஒபாட்ஸ்டா என்ற பவேரிய சீஸ் மசியல். நன்றாகப் பழுத்த கமெம்பெர் சீஸ் 250 கிராம், வெண்ணெய் 60 கிராம், இரண்டையும் ஒரு மணி நேரம் வெளியே வைத்து இளகவிட்டு முள்கரண்டியால் மசியுங்கள். காரமில்லாத பாப்ரிகா பொடி ஒரு தேக்கரண்டி, கேரவே விதை அரைத் தேக்கரண்டி, குடிக்கப்போகும் மெர்ட்சனிலிருந்தே மூன்று மேசைக்கரண்டி, உப்பு, மிளகு சேருங்கள். மிக்ஸியில் அடித்தால் நீர்த்துவிடும். கட்டி கட்டியாக இருப்பதே சரி. பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பரிமாறும்போது மட்டும் கலக்குங்கள், மறுநாள்வரை கிடந்தால் கசந்துவிடும். கூடவே முடிச்சு வடிவ ரொட்டியான பிரெட்செல், மெல்லிய சுருளாகச் சீவிய வெள்ளை முள்ளங்கி. முள்ளங்கியில் உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்தால் நீர் விட்டுக் காட்டம் குறையும்.

பவேரியாவின் பழைய வழக்கப்படியான பீர் தோட்டத்தில் இதையெல்லாம் டப்பாவில் எடுத்துப்போகலாம். மேசைவிரிப்பு இல்லாத மேசைகளில் சொந்த உணவைப் பிரித்துவைக்க உரிமை உண்டு; பீரை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். விரிப்பு போட்ட மேசை, பரிமாறுவோர் வந்து கவனிக்கும் பகுதி.

புகை மெர்ட்சன்

பாம்பெர்க் ஊரில் ஷ்லெங்கெர்லா ஆலை இன்றும் பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டில் மெர்ட்சன் செய்கிறது. சாராயம் 5.1 சதவீதம், நிறம் இன்னும் அடர்த்தி. முதல் மடக்கில் மாசிக் கருவாட்டைப் பிரித்தாற்போலப் புகை முகத்தில் அடிக்கும். அதோடு கிளாஸைத் தள்ளிவைத்துவிடாதீர்கள். பாதி கிளாஸ் போவதற்குள் மூக்கு புகைக்குப் பழகிவிடும், அடியிலிருக்கும் ரொட்டி மணம் மேலே வரும். ஒப்பிட்டுக் குடிக்கும் வரிசையில் இதற்குக் கடைசி இடம். புகை நாக்கில் நெடுநேரம் நிற்கும்.

எவ்வளவு

மென்மையாக இறங்குவதால் கணக்கு தவறும். 5.8 சதவீதத்தில் ஒரு மாஸ் என்றால் 58 மி.லி. தூய சாராயம், எடையில் 46 கிராம் அளவுக்கு. ஜெர்மனியில் வண்டி ஓட்டுவோருக்கு வரம்பு ரத்தத்தில் 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு) சாராயம், 21 வயதுக்குக் கீழ் இருந்தாலும் உரிமம் புதிதாக இருந்தாலும் பூச்சியம். மெர்ட்சன் குடிக்கும் நாளில் ரயிலில் போங்கள். தனியாகக் குடிப்பவருக்கு அரை லிட்டர் கிளாஸே பொருத்தம்; மாஸ் பாதி தாண்டுவதற்குள் சூடேறிவிடும்.

குவளையின் அடியில் கடைசியாக இரண்டு விரல் அளவு வெதுவெதுப்பாக, காற்றிறங்கிக் கிடக்குமே, அதற்கு பவேரியாவில் நோகர்ல் என்று ஒரு பெயரே உண்டு. அதைக் குடித்து முடிக்க வேண்டிய கட்டாயமில்லை. மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துகொள்ளலாம்.